பத்தில் ஒரு கல்

அந்தப் பக்கத்துக்கு ஐரோப்பா என்றும்
இந்தப் பக்கத்துக்கு ஆசியா என்றும்
படகுக்காரர்கள் சொல்வதில்லை.
எதிர்க்கரை, அவ்வளவுதான்.
இங்கே நாய் குரைத்தால்
அங்கே ஒரு நாய் பதில் சொல்லும் அகலம்.
நடுவில் ஓடுவது ஆறா கடலா என்பதில்
மீனுக்கே குழப்பம்.

மெகாராவிலிருந்து வந்த வணிகன் ஒருவன்
ஒயின் ஏறிய நாக்கோடு சொன்னான்:
தெய்வத்தின் பொறாமை துரத்த
பெண்ணொருத்தி பசுவாகி
நீந்திக் கடந்த துறை இது,
பெயரே அப்படித்தான் வந்தது.
மோக்காபோரிஸ் சிரித்தான்.
போன கோடையில்
பதினான்கு பசுக்களை இதே நீரில் இறக்கியவன்.
ஒன்றும் பெண்ணாகிக் கரையேறவில்லை.
ஒன்று கரையே ஏறவில்லை.
அதன் கழுத்துக்கயிறு
இன்னும் படகில் கிடக்கிறது.

வாடை பிடித்தால் பிடித்ததுதான்.
கருங்கடலுக்கு மூக்கை நீட்டிய கப்பல்கள்
ஒன்பது நாள், பதினொரு நாள்
நங்கூரக் கயிற்றில் பாசி ஏறக் கிடக்கும்.
கோதுமை வடக்கே, வயிறு தெற்கே.
மாலுமிகள் பகடை உருட்டுவார்கள்.
மூன்றாம் நாள் சண்டை.
நான்காம் நாள் ஒருவன்
தன் பல்லைத் தானே தேடுவான்.

அப்போதுதான் மோக்காபோரிஸுக்கு வேலை.

மிலாறு பின்னிய கூடை. கூடை நிறையக் கல்.
பதினைந்து பாகம் கயிறு.
மேல்நீவாடு தெற்கே தள்ளத் தள்ள
கூடை அதைத் தாண்டி இறங்கும்.
ஓரிடத்தில் கயிறு விறைக்கும்,
கடன்காரன் மணிக்கட்டைப் பிடித்ததுபோல.
அங்கே இன்னொரு கடல்
வடக்கே நடந்துகொண்டிருக்கிறது,
மேலே உள்ளவர்களைக் கேட்காமல்.

பாய் இல்லை. துடுப்பு மடியில்.
படகு எதிர்நீரில் ஏறுகிறது.
கரையில் சிலர் கும்பிட்டார்கள்,
சிலர் காறித் துப்பினார்கள்.
கூடையால் கப்பலை இழுக்க முடியாது.
ஆனால் ஒரு மெழுகுப்பலகையை இழுக்கும்:
'விலையை ஏற்றாதே, வந்துகொண்டிருக்கிறேன்.'

அரசர்களும் வந்தார்கள்.
ஒருவன் ஒருகாலத்தில் படகுகளைக் கோத்துப் பாலமிட்டு
படையை நடக்கவைத்தான்.
வெள்ளைக்கல்லில் இரண்டு தூண் நட்டு
வந்த இனங்களின் பெயரையெல்லாம் வெட்டினான்.
தூண்களைப் பெயர்த்து
ஊரார் பலிபீடம் கட்டிக்கொண்டார்கள்.
எந்த இனத்தின் பெயர்மேல்
ஆட்டு ரத்தம் வடிந்தது என்று
கேட்க ஆளில்லை.

பிறகு ஒரு நகரம் வந்தது,
சுங்கச்சாவடியோடு.
முப்பது கப்பல், மரத்தாலான மதில்,
மதிலுக்குள் ஒரு மேசை,
மேசைக்குப் பின்னால் ஃபைனிப்போஸ்.

"பத்தில் ஒன்று" என்றான்.
"எதில்?"
"நீரில் போகிற எதுவானாலும்."
"மேல்நீர் உங்களுடையது, சரி.
நான் போனது அடிநீரில்."

ஃபைனிப்போஸ் வாய் திறக்கவில்லை.
இருட்டியதும் தனியாகப் படகில் இறங்கி
கயிற்றைப் பிடித்துப் பார்த்தான்.
அது அவனையும் இழுத்தது.
வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தான் என்று
நண்டு பிடிக்கப் போன பையன் சொன்னான்.

விடிந்ததும் பாப்பிரஸ் சுருளில்
புதிதாக ஒரு வரி:
கூடைக்கும் உண்டு, பத்தில் ஒன்று.

மோக்காபோரிஸ் கத்தினான்.
அவன் மனைவி பெண்டிடோரா கத்தவில்லை.
மீன்செதில் ஒட்டிய கையால்
கூடையைத் தூக்கிவந்து
மேசைமேல் கவிழ்த்தாள்.
பத்துக் கல்.
ஒன்று, இரண்டு என்று
அவன் மொழியிலேயே எண்ணினாள்,
ஏழைத் தவறாக உச்சரித்தாள்.
பத்தாவதை அவன் பக்கம் தள்ளிவிட்டு
மீதியை அள்ளிக்கொண்டு போனாள்.

அவன் என்ன செய்வான்?
எழுதிக்கொண்டான்: கல், ஒன்று.
மதியம் வாடை கிளம்பியபோது
சுருள் பறக்காமலிருக்க
அதையே மேலே வைத்தான்.

படகில் ஒன்பது கல்.
அன்று கயிறு விறைக்க
இரண்டு பாகம் கூடுதலாக விடவேண்டியிருந்தது.